செக்ரோலில் பேர் இல்லாத பெண்கள்: மலையகத்தில் சனசமூக நிலையம் யாருக்காக?

இலங்கையின் மலையகத் தோட்டமொன்றில் ஒரு பெண்ணுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இன்றைக்கும் பெரும்பாலும் தீர்மானிப்பது தோட்டத் தொழிலாளரின் பெயர்ப் பதிவேடான செக்ரோல்தான். அதில் பேர் இருந்தால் சம்பளம் வரும், ஈபிஎஃப் என்ற சேமலாப நிதி வரும், பிரசவக் காசு வரும், தோட்டத்தின் பிள்ளை பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைக்கு இடம் கிடைக்கும். தொழிற்சங்கத்துக்குச் சந்தா பிடிப்பார்கள், அதனால் ஒரு பிரச்சினை என்றால் சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போய் நியாயம் கேட்கவும் முடியும். பேர் இல்லாத பெண் அதே லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், தோட்டத்தின் பார்வையில் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி. அவ்வளவுதான்.

இப்படிப் பேர் இல்லாத பெண்களின் தொகை கூடிக்கொண்டே போகிறது. கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனவர்கள், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள், குவைத், சவூதி, ஜோர்தான் என்று போய் நாலைந்து வருடம் கழித்துத் திரும்பியவர்கள், வேறு தோட்டத்திலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ கலியாணம் கட்டி வந்தவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் இவர்களுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. கோயில் கமிட்டியில் இவர்கள் தரும் காசுக்கு இடமுண்டு, பேச்சுக்கு இடமில்லை. செக்ரோலைக் கேட்காமல் ஒரு பெண்ணை உள்ளே விடக்கூடிய பொது இடம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: சனசமூக நிலையம். அதனால்தான் அது எப்படி நடக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மலையக மக்களின் வரலாறே இடம்பெயர்வின் வரலாறு. 1823 இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டத்துக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்ததிலிருந்து அதைக் கணக்கிடுகிறோம். கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவியதும் பெண்களின் கை அதிகமாகத் தேவைப்பட்டது. கொழுந்து பறிப்பது அவர்கள் வேலையாயிற்று. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்தச் சனத்தில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதியிருந்தோர் பற்றி 1974 இல் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. எஞ்சியவர்களின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது. ஆக, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, அடையாள அட்டை என்ற கடுதாசிகளோடு இந்தச் சமூகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறது. இன்றும் ஒரு சனசமூக நிலையத்தில் பெண்கள் கொண்டுவரும் முதல் பிரச்சினை என்னவென்று பார்த்தால் அது ஏதாவதொரு கடுதாசியாகத்தான் இருக்கும்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். பலருக்கு அது தெரியாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டு ஆட்களை அனுப்பினார்கள், அந்த ஆட்களால் தோட்டத்துக்குள் ஒரு பாதைக்குக்கூட லேசில் காசு ஒதுக்க முடியவில்லை. 2018 இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. கிராமத்தில் சபையும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கட்டி நடத்திய பொது மண்டபம் தோட்டத்தில் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு அதுவரை தெளிவான பதில் இருக்கவில்லை. கட்டியவர்கள் கட்டினார்கள். அமைச்சர் ஒருவர், ஒரு தொண்டு நிறுவனம், ஒரு தேவாலயம், கம்பனி, தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று ஆளுக்கொன்று. தொண்டமான் ஞாபகார்த்த மன்றத்தின் பிரஜாசக்தி நிலையங்கள் கம்ப்யூட்டர்களோடு வந்தன. கண்டியில் 1972 இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயம் போன்ற அமைப்புகள் தோட்டத்துக்குள் போய்ப் பெண்கள் குழுக்களைக் கூட்டின. முயற்சி இல்லாமல் இல்லை. ஆனால் திறப்பு விழாப் பலகை இருக்கும் அளவுக்கு, அந்தக் கட்டடத்தை நாளாந்தம் நடத்தும் ஆளும் காசும் இருந்ததில்லை.

தோட்டங்களில் உள்ள மண்டபங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு அவற்றின் நிலை தெரியும். தகரக் கூரை, சீமெந்துத் தரை, ஓரமாக அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், கலியாண வீட்டுக்குக் கட்டிய கடுதாசிப் பூ இன்னும் கழற்றாமல் தொங்கும். சாவி தலைவர் வீட்டில் இருக்கும், அல்லது தோட்ட ஆபீஸில் இருக்கும். தலைவர் டவுனுக்குப் போயிருந்தால் அன்றைக்கு மண்டபம் இல்லை. நான் பார்த்த வரையில் ஒரு நிலையம் பெண்களுக்கு உதவுகிறதா இல்லையா என்பதற்கு வேறு பெரிய ஆய்வு தேவையில்லை. சாவி யார் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று விசாரித்தால் போதும். சாவி ஒரு பெண்ணிடம் இருக்கும் இடத்தில் கதவு திறப்பதற்குக் கூட்டம் என்று ஒரு காரணம் வேண்டியதில்லை. அடிபட்டு வந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். இரவு போன் பேச வேண்டியவர் வீட்டார் காதுபடாமல் பேசலாம். சாவி ஆணிடம் இருந்தால், எதற்காகத் திறக்க வேண்டும் என்று முதலில் அவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும். அந்த விளக்கம் பொழுது சாய்வதற்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும்.

அடுத்தது நேரம். கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் நாலரை, ஐந்துக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தப்படுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஏறுகிறார். பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு 18, 20 கிலோ கேட்கிறார்கள். எடுக்க முடியாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அந்திக் கொழுந்து நிறுத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, விறகும் தண்ணீரும் பார்த்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். இந்தப் பெண்ணைத்தான் பிற்பகல் 2 மணிக்குப் ‘பெண்கள் வலுவூட்டல் செயலமர்வு’ என்று கூப்பிடுகிறார்கள். வருவது யார்? வேலைக்குப் போகாத சில பெண்கள், ஓய்வுபெற்ற பாட்டிமார், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து நிறையும், அறிக்கை போகும். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்பார்கள். ஞாயிறு துணி துவைக்கிற நாள், சந்தைக்குப் போகிற நாள். சம்பள நாளிலும் அட்வான்ஸ் நாளிலும் தோட்டமே டவுனில் நிற்கும். சரி, அப்போ எப்பொழுதுதான் முடியும் என்று பெண்களிடமே கேட்ட இடங்களில் கிடைத்த பதில் எளிமையானது. அந்தி ஆறரைக்கு ஒரு மணி நேரம், பிள்ளைகளுக்கும் அதே மண்டபத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், திரும்பிப் போகும் வழியில் ஒரு லைட். இந்த மூன்றும் இருந்தால் வருவார்கள். பிள்ளையின் படிப்புக்காகப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாரும் தடுக்க மாட்டார்கள் என்பதையும் பெண்கள் சேர்த்தே கணக்குப் போட்டிருப்பார்கள்.

பெண்கள் ஒன்றுகூடுவது மலையகத்துக்குப் புதிதில்லை. 1930களில் கோ. நடேசய்யர் அட்டனை மையமாக வைத்துத் தொழிற்சங்கம் கட்டியபோது, அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்குத் துண்டுப் பிரசுரத்தைவிடப் பாட்டு லேசாகப் போய்ச்சேரும் என்று அவர் அறிந்திருந்தார். கூட்டம் போட விடாத காலம் அது. வெளியாட்கள் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம். அதற்கு ஐம்பது வருடம் கழித்து, 1984 இல், வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆனது. மலையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் அதற்கு அவ்வளவு காலம் பிடித்தது. சந்தா கட்டுவதில் பாதிக்கு மேல் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் ஆண்கள் என்ற நிலைமை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. மாதர் சங்கம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், மே தினத்துக்குச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நடக்க. தொழிற்சங்கத்துக்குள் ஒரு பெண் பேசிப் பழக இடமில்லை என்றால் அந்தப் பழக்கம் வேறெங்காவதுதான் வரவேண்டும்.

இனி வெளிநாட்டு விஷயத்துக்கு வருவோம். தோட்டப் பெண்கள் மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கியது கிராமத்துப் பெண்களுக்குப் பிந்தித்தான், காரணம் கடுதாசி. அடையாள அட்டை இல்லாதவருக்குப் பாஸ்போர்ட் எப்படி? பிரஜாவுரிமை கிடைக்கக் கிடைக்க, போவதும் கூடியது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகள் கைக்குப் போன பிறகு, காடாகிப்போன மலைகளும் குறைந்துபோன வேலை நாட்களும் இன்னும் பலரை வெளியே தள்ளின. நாட்சம்பளம் 2024 இல் 1350 ரூபாயாக உயர்ந்தது உண்மை. மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பது வேறு கதை. 2022 நெருக்கடியில் அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனபோது, அந்த ஒரே வருடத்தில் 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்து நாட்டைவிட்டு வேலைக்குப் போனார்கள். பதியாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

பதியாமல் ஏன் போகிறார்கள்? இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாது, மற்றத் தாய்மாரும் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று அதிகாரிகளிடம் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். தகப்பனுக்கு இப்படி எந்தத் தடையும் இல்லை. பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் என்றார்கள். நடந்தது என்னவென்றால், அவசரத்தில் இருந்த பெண்களைச் சப் ஏஜென்ட்மார் சுற்றுலா விசாவில் அனுப்பினார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி இல்லை, எந்த வீட்டில் இருக்கிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. 2022 இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தார்கள். அதே வருடக் கடைசியில்தான் சுற்றுலா விசாவில் ஓமானுக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட இலங்கைப் பெண்களின் செய்திகள் வெளிவந்து விசாரணைகள் நடந்தன. இந்த நடைமுறை ஒரு பெண்ணின் தீர்மானத்தைப் பிரதேச செயலகத்தின் ரப்பர் முத்திரைக்குக் கீழே வைத்தது என்பதே என் கருத்து. பிள்ளையைப் பார்க்க ஊரில் ஒரு நல்ல ஏற்பாடு செய்துகொடுத்திருந்தால் தடையே தேவைப்பட்டிராது.

தோட்டத்துச் சனசமூக நிலையம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இங்கேதான் இருக்கிறது. ஏஜென்ட் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இரவில். ஒரு தொகைக் காசை முன்கூட்டியே கையில் கொடுப்பான். பல இடங்களில் அந்தக் காசு வாங்கப்படுவது கணவர் கையால். அது போய்ச்சேரும் இடம் பழைய கடன், அல்லது தவறணை என்ற சாராயக் கடை. பிறகு அந்தப் பெண்ணுக்குப் போக மனமில்லை என்றாலும் பின்வாங்க முடியாது. போன இடத்தில் பிரச்சினை என்று மூன்று மாதத்துக்குள் வந்துவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து நிலையத்தில் நான் பார்த்தது இது. குவைத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஒரு அக்கா சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கணக்கிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) வந்த இளம்பெண் ஒருவர், “அக்கா, இந்தக் கடுதாசிய ஒருக்காப் பாருங்க” என்று ஒரு பைலை நீட்டினார். அக்கா ஆங்கிலம் படித்தவர் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எங்கே சம்பளம் இருக்கும், எங்கே முதலாளி பெயர் இருக்கும், எங்கே போன் நம்பர் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். “வீட்டுல எத்தன பேர்னு கேட்டியா? வயசான ஆளு இருக்கா? போன் வச்சிக்க விடுவாங்களான்னு கேட்டியா?” அந்தப் பெண் எதையும் கேட்டிருக்கவில்லை. பிறகு அக்கா பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் ஒப்பந்தத்தையும் போனில் படம் எடுத்து, நிலையத்துக் கொப்பியில் ஏஜென்சியின் லைசன்ஸ் இலக்கத்தையும் எழுதிக்கொண்டார். “ஒன்னும் ஆகாது. ஆனா ஏதும் ஆச்சின்னா ஒங்கம்மா எங்க போய் என்னான்னு சொல்லுவா?” என்றார். வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்பினார்.

அந்தக் கொப்பியில் இருப்பது தோட்டத்தின் எந்தப் பதிவிலும் இல்லாத தகவல். போனவர்கள் யார், எந்த நாட்டில், யார் வீட்டில், கடைசியாக எப்போது பேசினார்கள் என்று. கஃபாலா முறை உள்ள நாடுகளில் ஒரு பணிப்பெண்ணின் வேலையும் தங்கும் அனுமதியும் முதலாளியின் கையில் இருக்கிறது. வேலைக்கு வந்த வீட்டைவிட்டு ஓடினால் அவரே குற்றவாளியாவார். அப்படிப்பட்ட நேரத்தில் தூதரகத்துக்கோ பணியகத்துக்கோ முறைப்பாடு போட, ஊரில் இருக்கும் ஆளுக்கு முதலில் வேண்டியது அந்தப் பாஸ்போர்ட் இலக்கம். பெற்றவர்கள் பெரும்பாலும் ஏஜென்ட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் நிற்பார்கள், அந்தப் பெயரும் பாதிநேரம் உண்மைப் பெயராக இருக்காது. ஒரு கொப்பியும் ஒரு போனும் பொறுப்பான ஒரு ஆளும் இருந்தால் இந்த அலைச்சலில் பாதி இல்லை.

போவதற்கு முன் செய்ய வேண்டிய இன்னொரு காரியம், பெண்ணின் பேரில் தனி வங்கிக் கணக்கு. அனுப்புகிற காசு முழுவதும் கணவரின் கணக்குக்கோ அண்ணனின் கணக்குக்கோ போய், திரும்பி வரும்போது கூரைத் தகரம் மாற்றியதைத் தவிர ஒன்றுமில்லாமல் நிற்கிற பெண்களை எல்லாத் தோட்டத்திலும் காணலாம். நிலையத்தில் ஒரு அந்தி நேரம் வங்கிக்காரரை வரவழைத்து, இரண்டு கணக்கு திறந்து, வீட்டுச் செலவுக்கு ஒன்று, தனக்கென்று ஒன்று என்று பிரித்துவிட்டால் பெரிய மாற்றம். இதைக் குடும்பத்தைப் பிரிக்கும் வேலை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்நிய வீட்டில் ஓய்வில்லாமல் உழைத்த காசில் ஒரு பங்கு உழைத்தவருக்கு இருக்க வேண்டும்.

தாய் வெளிநாட்டில் இருக்கும்போது பிள்ளைகள் அம்மாயியிடம், அதாவது அம்மாவின் தாயிடம், இருப்பார்கள். அம்மாயிக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும், பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போக முடியாது. மூத்த பெண்பிள்ளை இருந்தால் தம்பி தங்கச்சியைப் பார்க்கப் படிப்பை நிறுத்திவிடுவாள். அந்திப் பாட வகுப்பு என்பது படிப்பு மட்டுமில்லை. எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை, எந்தப் பிள்ளை பேசாமல் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது என்று கவனிக்க ஒரு கண் அங்கே கிடைக்கிறது. சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கம் இருக்கிறது, ஆனால் அதற்கு அழைப்பெடுக்கத் தோன்ற வேண்டுமானால் முதலில் யாராவது கவனித்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் பெண்ணின் நிலைமையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பெட்டியோடு வரும்போது வரவேற்பு. பெட்டியில் இருந்ததெல்லாம் பங்கு பிரித்த பிறகு, ‘அங்க எப்படி இருந்தாளோ’ என்ற பேச்சு தொடங்கும். மீண்டும் செக்ரோலில் பேர் பதியப் போனால், பழைய சேவைக்காலம் அறுந்துபோயிருக்கும். செக்ரோலில் பேரில்லாமல் அன்றன்றைக்குக் காசு கொடுக்கும் கைக்காசு வேலைதான் என்பார்கள். இந்தப் பெண்ணுக்கு அரபி பேசத் தெரியும், பத்துப் பேர் வீட்டுச் சமையலை ஒற்றை ஆளாகச் சமாளிக்கத் தெரியும், படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கத் தெரியும். அனுபவத்தை வைத்தே பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இலங்கையில் இருக்கிறது. அதுபற்றித் தோட்டத்தில் தெரிந்தவர்கள் குறைவு. விண்ணப்பம் எடுத்து வந்து நிரப்ப ஒரு ஆள் இருந்தால், நுவரெலியாவிலோ கண்டியிலோ ஒரு ஹோட்டலிலோ முதியோர் இல்லத்திலோ கொஞ்சம் மரியாதையான சம்பளத்துக்கு அவர் வேலை கேட்கலாம். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் மறுபடியும் ஏஜென்ட்டைத் தேடுவார்.

கொழும்புக்குப் போகும் பெண்களின் கதை வேறு விதம். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், பணியகம் வேண்டாம், ஒரு தரகரும் ஒரு பஸ் டிக்கெட்டும் போதும். 2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்துவந்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது நாடே பேசியது. மலையகத்தில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. தரகர்கள் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார்கள். வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழில் அமைப்பின் 189 ஆம் சமவாயம் 2011 இல் வந்தது. இலங்கை அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. மலையகத்துச் செங்கொடிச் சங்கத்தின் பெண்கள் முன்னின்று வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்று தனிச் சங்கமொன்றைப் பதிவு செய்ததை இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். லயத்தில் வளர்ந்த பெண்களுக்குத்தான் அந்தத் தேவை முதலில் புரிந்தது. தோட்டத்து நிலையம் ஒன்று தன் கொப்பியில் கொழும்புக்குப் போனவர்களின் பேரையும் எழுதினால், வயது குறைந்த பிள்ளை எவள் போகிறாள் என்று பள்ளிக்கூடத்துக்கும் கிராம சேவகருக்கும் முன்கூட்டியே தெரியவரும்.

கலியாணம் கட்டி வந்த பெண்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் வவுனியாவிலிருந்தோ இரத்தினபுரியிலிருந்தோ அட்டன் பக்கம் வந்த ஒரு மருமகளுக்கு வாக்காளர் இடாப்பில் பேர் மாறியிருக்காது, விவாகப் பதிவு இழுபட்டிருக்கும், அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவி விண்ணப்பத்தில் மாமியார் வீட்டுக் கணக்கில் ஒரு தலையாக மட்டும் இருப்பார். சண்டை என்று வந்தால் போக்கிடம் இல்லாதவரும் அவர்தான். தாய்வீடு இரண்டு பஸ் தூரம்.

அடி உதை பற்றிச் சொல்வதானால், 2005 இன் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் உண்டு. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மிதுரு பியச நிலையம் உண்டு. தமிழில் முறைப்பாடு எழுதக் கேட்கும் உரிமையும் உண்டு. இருந்தும் ஒரு பெண் முதலில் போவது பொலிஸுக்கில்லை, தோட்டத் தலைவரிடம். தலைவர் இருவரையும் கூப்பிட்டு, “சரி சரி, புருசன் பொண்டாட்டி சண்ட, வீட்டுக்குப் போங்க” என்பார். அடிப்பவர் அவருடைய சங்கத்து ஆளாக இருப்பார், சொந்தக்காரராகவும் இருப்பார். பொலிஸுக்கு அந்தப் பெண்ணோடு பஸ் ஏறிப் போக இன்னொரு பெண் இருக்கிறாரா என்பதில்தான் சட்டம் வேலை செய்வதும் செய்யாததும் தங்கியிருக்கிறது. கூடப் போகும் அந்த ஒருவரை உருவாக்குவது நிலையத்தின் வேலை. அவருடைய ஒருநாள் பேரும் பஸ் காசும் அங்கிருந்து வர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அவருக்கும் மலை ஏற முடியாது.

கவலையான ஒரு விஷயமும் இருக்கிறது. பல மண்டபங்களில் வாரந்தவறாமல் ஒழுங்காக நடக்கும் ஒரே பெண்கள் கூட்டம், கிழமை லோன் கட்டுகிற கூட்டம். பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து எடுத்த கடன். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும்வரை யாரும் எழும்பக் கூடாது. சந்திப்பதற்கென்று பெண்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேரமும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு கழிகிறது. கட்ட முடியாமல் அந்தக் கூட்டத்தைத் தவிர்ப்பவர் பிறகு மண்டபப் பக்கமே வருவதில்லை. கடன் வசூலுக்கு மண்டபத்தைக் கொடுக்காதீர்கள் என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். தோட்டத்துப் பெண்கள் காலங்காலமாகச் சீட்டுப் பிடித்து வந்தவர்கள், மரண உதவிச் சங்கம் நடத்தி வந்தவர்கள். அந்த வழியில் சிறு சேமிப்பை வளர்க்கிற குழுக்கள் வட்டியை ஊருக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கண்டியும் நுவரெலியாவும் பதுளையும் அதிகம் இழந்தன. பள்ளிக்கூடம், கோயில், மண்டபம் என்று கூரை இருந்த இடமெல்லாம் சனம் தங்கியது. ஆபத்தில் தோட்டம் ஓடிவரும் இடம் இதுவென்றால், பெண்களுக்குத் தனியாகக் கொண்டி போட்ட மலசலகூடமும் தண்ணீரும் ஒரு அறையும் அங்கே இருந்தாக வேண்டும். நூறு பேர் படுக்கும் கூடத்தில் மார்புக்குழந்தையோடு ஒரு தாய் எங்கே ஒதுங்குவார்? மண்டபம் கட்டும்போது படம் வரைபவரிடம் இதைச் சொல்ல அந்த மேசையில் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும்.

அந்த மேசைகளில் பெண்கள் உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது ஆறுதல். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டுக் கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகள் வந்ததும் அதே காலத்தில்தான். 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் போனார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் அங்கே போனது அதுவே முதல் தடவை. 2025 மே 6 தேர்தலில் தெரிவான சபைகள் இப்போது நடந்துகொண்டிருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்கு அங்கிருந்து வாக்குப் போட இலங்கையில் இன்னும் வழியில்லை, அவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் ஊரில் இருப்பவர்கள்தான்.

ஒவ்வொரு சபையும் வருடக் கடைசியில் அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும். 33 ஆவது பிரிவு திருத்தப்பட்டாயிற்று, தோட்டத்துக்குச் செலவிட முடியாது என்று இனி யாரும் கைவிரிக்க முடியாது. ஒரு தோட்டத்துப் பெண்கள் இருபது பேர் கையெழுத்து வைத்து, தங்கள் வட்டாரப் பெண் உறுப்பினரிடம் கொடுக்கும் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டியதில்லை. மண்டபத்திலிருந்து லயம் வரைக்கும் நாலு லைட், ஒரு மலசலகூடம், பூட்டக்கூடிய ஒரு அலுமாரி, அந்தியில் மூன்று மணி நேரம் நிலையத்தைத் திறந்து வைத்திருக்கச் சம்பளத்தோடு ஒரு பெண். அந்தப் பெண் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய் வந்தவராக இருந்தால் நல்லது. சாவியையும் கொப்பியையும் அவரிடமே கொடுத்துவிடலாம்.